22 வருடம் கழித்து நன்றி சொன்னால் அபத்தமாக இருக்குமா?

நெடுவழி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. உங்கள் கருத்து வேண்டும்.

என் முதல் வேலை ஒரு சின்ன அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். வவுச்சரைப் பார்த்துப் பேரேட்டில் பதிய வேண்டும், மாதக் கடைசியில் பற்றும் வரவும் ஒத்துப்போக வேண்டும். நான் படித்ததற்கும் அங்கே செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. 78-ஐ 87 என்று எழுதுவேன். ஒரே வவுச்சரை இரண்டு முறை பதிவேன். மேலாளர் சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு, எல்லோர் முன்னாலும் ஏட்டை என் மேசையில் வீசுவார்.

பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தார். முதல் வாரத்திலேயே ஒரு மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, "அந்த ஏட்டைக் கொடு" என்று வாங்கிக்கொண்டார். கையில் நன்றாகச் சீவிய பென்சில். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். தப்பு இருந்த வரிக்கு நேரே, ஓரத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். என்ன தப்பு என்று எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. நானே தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். திருத்தியதும் புள்ளியை ரப்பரால் அழித்துவிடச் சொன்னார். மறுநாள் ஏடு மேலாளர் கைக்குப் போகும்போது அங்கே புள்ளி இருந்த தடயமே இருக்காது.

ஏறக்குறைய நான்கு மாதம், தினமும் அரை மணி நேரம். முதலில் பக்கத்துக்கு 15 புள்ளி இருக்கும். அப்புறம் பத்து, அப்புறம் ஒன்றிரண்டு. ஒருநாள் புள்ளியே இல்லாமல் ஏடு திரும்பி வந்தது. அக்கா எதுவும் பேசவில்லை. பென்சிலை டப்பாவுக்குள் போட்டு மூடினார். அந்த மூடி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு வேறு வேலை கிடைத்து அவசர அவசரமாகக் கிளம்பினேன். "வரேன்கா" என்று சொன்னதோடு சரி. அதற்கப்புறம் தொடர்பே இல்லை. போன வாரம், என்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினான். என்னை அறியாமலே பென்சிலை எடுத்து ஓரத்தில் புள்ளி வைத்தேன். வைத்த பிறகுதான் அது யார் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று உறைத்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பழைய நண்பர் ஒருவர் மூலம் அவருடைய முகவரி கிடைத்திருக்கிறது. எழுதலாமா? இத்தனை வருடம் எங்கே போனான், இப்போது என்ன வேண்டுமாம் என்று நினைத்துவிடுவாரோ என்று கை தயங்குகிறது.

ஓடக்கரை:

எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் தயக்கத்தை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்களின் ஆய்வு 2018-ல் வெளியானது. தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களிடம், "இதைப் படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் கடிதம் கிடைத்தவர்களிடமே போய், உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

எழுதியவர்கள் இரண்டு பக்கமும் தப்புக் கணக்குப் போட்டிருந்தார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகப் பயந்திருந்தார்கள். அவருக்குக் கிடைக்கப்போகும் மகிழ்ச்சியையும் வியப்பையும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். காரணம் எளிமையானது. எழுதுபவர் "சரியான வார்த்தை வருமா, கோர்வையாக இருக்குமா" என்று தன் திறமையைப் பற்றியே கவலைப்படுகிறார். படிப்பவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார்.

இத்தனை வருடம் எங்கே போனான் என்று அந்த அக்கா கேட்க மாட்டார். இத்தனை வருடம் மறக்காமல் இருந்திருக்கிறானே என்றுதான் நினைப்பார்.

கீற்று:

ஒருவேளை அவருக்கு உங்களை நினைவே இல்லை என்றால்?

அந்திமேகம்:

கீற்று, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 19 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிப்ட்.

நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்று சொல்லாத குடும்பம் குறைவு. மனதார சொல்கிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த படுக்கைக்கு ஆள் வருவதற்குள் அது கரைந்துவிடும். வருடங்கள் தாண்டியும் என்னிடம் தங்கிவிட்ட ஒரு நன்றி இருக்கிறது. ஒரு பெண், தன் அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து வார்டுக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தார். எனக்கு அவர் முகம் நினைவில்லை. அவர் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி அறை விளக்கை அணைச்சுட்டு, கதவை மட்டும் பாதி திறந்து வெச்சீங்க. வராந்தா வெளிச்சம் அப்பா கால் மேல விழுந்துச்சு. இருட்டுன்னா அவருக்குச் சின்ன வயசுலேர்ந்து பயம். அதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. அன்னைக்குத்தான் அவர் விடியற வரைக்கும் தூங்கினார்."

நான் ஏன் கதவைத் திறந்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. எட்டிப் பார்க்க வசதியாக இருக்கும் என்று வைத்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை எந்த அறைக் கதவையும் கேட்காமல் மூடுவதில்லை. "விளக்கு இருக்கட்டுமா, கதவு திறந்திருக்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

ஆகவே நெடுவழி, அவருக்கு உங்களை நினைவில்லாமல் போகலாம். பரவாயில்லை. அவர் செய்தது என்ன என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம், அதைச் சொல்லுங்கள். "நீங்கள் செய்த உதவிக்கு நன்றி" என்று பொதுவாக எழுதாதீர்கள். பென்சில், ஓரத்துப் புள்ளி, டப்பா மூடிய சத்தம், இதையெல்லாம் இங்கே எழுதியது போலவே எழுதுங்கள்.

மூன்றாம்படி:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. தப்பாக நினைக்க வேண்டாம்.

நன்றி என்ற வார்த்தையை இப்போது நாம் அளவுக்கு மீறிப் பெரிதாக்குகிறோமோ என்று தோன்றுகிறது. நெருக்கமானவர்களிடம் நன்றி சொன்னால் அந்நியமாகிவிட்டது போல இருக்கிறது. என் அண்ணி என்னைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார். ஒரு நாளும் நான் "நன்றி" என்று சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு வலிக்கும் என்றே நினைக்கிறேன். நன்றி நடத்தையில் இருந்தால் போதாதா? நெடுவழி அந்தப் பையனுக்குப் புள்ளி வைத்தாரே, அதுவே அந்த அக்காவுக்குச் செலுத்திய நன்றி இல்லையா?

ஓடக்கரை:

மூன்றாம்படி, நீங்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. சிமியோன் ஃபிளாய்டும் அவருடைய கூட்டாளிகளும் ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். அதுவும் 2018-ல் வந்த ஆய்வுதான். "அதை எடு", "இதைக் கொஞ்சம் பிடி" என்று ஒருவர் கேட்க மற்றவர் செய்துகொடுத்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்கள். அவற்றில் நன்றி சொல்லப்பட்டது ஏறக்குறைய 20-ல் ஒரு முறைதான். எக்வடோர் நாட்டின் சாபலா மொழியில் நன்றி சொல்வதற்கென்று ஒரு வழக்கமான சொல்லே கிடையாது. அதனால் அந்த மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? வீட்டுக்குள் உதவி என்பது மூச்சு விடுவது மாதிரி. அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை.

தமிழிலேயே பாருங்கள். "செய்ந்நன்றி" என்கிறோமே, அதில் நன்றி என்பது வாயால் சொல்லும் சொல்லைக் குறிக்கவில்லை. செய்யப்பட்ட அந்த நல்ல காரியத்துக்கே நன்றி என்று பெயர். பெற்றவன் செய்ய வேண்டியது அதை அறிதல், மறவாமல் இருத்தல். உதவியின் பெயரே பின்னாளில் அதற்கான பதில் சொல்லுக்கும் பெயராகிவிட்டது.

ஆனால் நெடுவழியின் கதை வேறு. தினமும் கூடவே இருப்பவருக்கு நம் நடத்தை கண்ணில் படும். உங்கள் அண்ணிக்குப் படும். அந்த அக்கா 22 வருடம் அப்பால் இருக்கிறார். இவர் பையனுக்குப் புள்ளி வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே தெரியும்.

புல்நுனி:

எல்லோரும் எழுதச் சொல்கிறீர்கள். எனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. வேறு காரணத்தால்.

என் படிப்புக்குப் பணம் கொடுத்தவர் ஒரு நெருங்கிய உறவினர். கொடுத்தது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. அந்தப் பணம் இல்லை என்றால் இன்று நான் இருக்கும் இடத்தில் இல்லை. ஆனால் நான்கு பேர் கூடும் இடத்திலெல்லாம் "இவளை நான்தான் ஆளாக்கினேன்" என்பார். எனக்கு வேலை கிடைத்தபோது சொன்னார். வீடு மாறியபோது சொன்னார். நான் எடுத்த ஒரு முடிவு அவருக்குப் பிடிக்காமல் போனபோது, "அன்றைக்கு நான் கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும்" என்றார். வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்படியும் தீரவில்லை.

அவருக்கு நான் நன்றி உள்ளவளா, நன்றி கெட்டவளா? எனக்கே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போது நெஞ்சில் பாரம்தான் வருகிறது.

தறிச்சத்தம்:

புல்நுனி, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை அம்மா. எனக்கு 67 வயது ஆகிறது. இதை உறுதியாகச் சொல்ல அந்த வயது போதும் என்று நினைக்கிறேன்.

நன்றி உணர்வு வேறு, கடன்பட்ட உணர்வு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒன்று அந்த மனிதர் பக்கம் நம்மை இழுக்கும். மற்றது அவர் வருகிற தெருவை விட்டே நம்மை விலகிப் போக வைக்கும். எது வரும் என்பதைக் கொடுத்தவர் கொடுத்த விதம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கடைசிப் படியில் மனமில்லாமல் கொடுப்பவன். மேலே போகப் போக, கேட்ட பிறகு கொடுப்பவன், கேட்கும் முன்பே கொடுப்பவன் என்று வரும். மேலிருந்து இரண்டாவது படியில், கொடுப்பவனுக்கு வாங்குபவனைத் தெரியாது, வாங்குபவனுக்கும் கொடுப்பவனைத் தெரியாது. எல்லாவற்றுக்கும் உச்சியில், ஒருவன் இனி யார் கையையும் எதிர்பார்க்காதபடி அவனுக்கு ஒரு தொழிலையோ வேலையையோ அமைத்துக் கொடுப்பது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அவர் பெரும்பாலும் தொகையை வைத்துப் படி போடவில்லை. வாங்குகிறவனின் முகம் எவ்வளவு கோணாமல் இருக்கிறது என்பதை வைத்துப் போட்டிருக்கிறார்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நெடுவழியின் அக்கா எங்கே நிற்கிறார்! சிவப்புப் பேனா எல்லோருக்கும் தெரியும்படி வட்டம் போட்டது. பென்சில் அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு புள்ளி வைத்தது. அதையும் அழிக்கச் சொன்னது. தப்பைச் சொல்லாமல் தேட வைத்தாரே, அதனால்தான் நான்கு மாதத்தில் அவர் உதவியே தேவைப்படாமல் போயிற்று. கொடுத்ததன் அடையாளத்தையும் அவரே துடைத்துவிட்டார்.

உங்கள் உறவினர் படிப்பைக் கொடுத்தார், அது நிஜமான நன்மை. அதற்கான நன்றியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவது நன்மையில் சேராது. அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமக்க வேண்டாம்.

புல்நுனி:

இரண்டு மூட்டை. இப்படி இதுவரை யோசித்ததில்லை. நன்றி ஐயா.

கீற்று:

நான் ஒரு வரியில் கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வாங்குவது பற்றி நானும் சொல்ல வேண்டும்.

என் கணவருக்கு ஆபரேஷன் நடந்து ஏழு வாரம் படுக்கையில் இருந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "எது வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்" என்று சொன்னவர்கள் குறைந்தது 30 பேர் இருப்பார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் எது வேண்டும் என்று யோசிக்க வேண்டும், யாரிடம் என்று பார்க்க வேண்டும், அவருக்குத் தொந்தரவாக இருக்குமா என்று எடைபோட வேண்டும். அதற்கே எனக்குத் தெம்பு இல்லை.

மேல்மாடியில் இருந்த ஒரு பெண், அதிகம் பழக்கம் கூட இல்லை, கதவைத் தட்டி, "செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்டுப்பாடம் முடிச்சு ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடறேன். சரியா?" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி நாள் நான் சும்மா தரையில் படுத்துக் கிடந்தேன். அதுதான் எனக்குத் தேவையாக இருந்தது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ஓடக்கரை:

கீற்று, "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பதில் இருக்கும் சுமையை நீங்கள் சொன்ன மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருக்கிறேன். இனிமேல் நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேட்பேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த 30 பேரில் பலர் நிஜமாகவே வந்திருப்பார்கள். ஃபிராங்க் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு படிவத்தை நிரப்பித் தரக் கேட்கச் சொன்னார்கள். ஐந்து பேர் சம்மதிக்க ஏறக்குறைய 20 பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று போனவர்கள் நினைத்தார்கள். பத்துப் பேரைக் கேட்டதிலேயே வேலை முடிந்தது. முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை, கேட்கிற நாம் யோசிப்பதே இல்லை.

அந்திமேகம்:

எனக்குத் தெரிந்து பலர் உதவாமல் போவதற்குக் காரணம் கல்மனம் இல்லை, அவசரம். ஒரே ராத்திரியில் எட்டுப் படுக்கை என்றால் நான் ஒரு மாதிரி, 15 படுக்கை என்றால் வேறு மாதிரி. அதே ஆள், அதே மனம்தான்.

ஓடக்கரை:

1973-ல் வந்த டார்லி, பேட்சன் ஆய்வு உங்கள் பக்கம்தான். பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை ஓர் உரை நிகழ்த்த அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அவர்களில் சிலர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி.

அந்த அக்கா கொடுத்த அரை மணி நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு ஓடும் அரை மணி நேரம் அது.

நெடுவழி:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேற்று இரவு எழுதிவிட்டேன். அந்திமேகம் சொன்னபடியே எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில் "பதில் எழுத வேண்டும் என்று இல்லை அக்கா, உங்களுக்குத் தெரிந்தால் போதும்" என்று சேர்த்தேன். காலையில் தபாலில் போட்டாயிற்று. கை வெடவெடத்தது.

தறிச்சத்தம்:

அந்தக் கடைசி வரி நல்ல வரி. வாங்குகிறவருக்கு அதுவே ஒரு மரியாதை.

நெடுவழி (11 நாள் கழித்து):

பதில் வந்திருக்கிறது. கோடு போட்ட தாளில், அதே சாய்ந்த கையெழுத்து. முழுவதையும் போட மாட்டேன், அது எனக்கு எழுதியது. ஒரு பகுதியை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

"உன் பெயரைப் பார்த்ததும் முகம் உடனே நினைவுக்கு வரவில்லை. புள்ளியைப் படித்ததும் வந்துவிட்டது. ஆனால் நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், நான் தூக்கமில்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் என் ஏட்டைத் திறந்தால், இரண்டாவது பக்கத்தில் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. பார்த்தால் ஒரு பூஜ்யத்தை விட்டிருக்கிறேன். பெரிய தப்பு. திருத்தி, புள்ளியை அழித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நீ குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்."

எத்தனை யோசித்தும் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. அவர் ஏட்டைத் தொடும் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்றும் தெரியவில்லை. மனைவியிடம் படித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். வரச் சொல்லியிருக்கிறார்.

கீற்று:

இரண்டு பேருக்கும் அவரவர் செய்தது நினைவில்லை. மற்றவர் செய்தது மட்டும் இருக்கிறது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

மேல்மாடிப் பெண் வீடு மாறிப் போய் நான்கு வருடம் ஆகிறது. எண் இருக்கிறது. இன்று கூப்பிடுகிறேன்.

மூன்றாம்படி:

அண்ணிக்குச் சொன்னால் வலிக்கும் என்று எழுதியிருந்தேன். நேற்றிலிருந்து வேறு மாதிரி தோன்றுகிறது. வலிக்கும் என்று நானேதானே முடிவு செய்துகொண்டேன்? "நன்றி" என்ற வார்த்தையைப் போடாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி வரமாட்டேன் என்கிறது.

அந்திமேகம்:

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்ன வயது, அவர் எங்கே நின்றார், கையில் என்ன வைத்திருந்தார். அங்கே தொடங்குங்கள்.

மூன்றாம்படி:

ஏழு வயது. வாசற்படியில் நின்றார். கையில் என் ஒற்றைச் செருப்பு, அறுந்த வார், ஊசி நூல்.

எழுதுகிறேன்.